ஒப்பந்தத் தொழிலாளிக்கு மேலதிகாரி யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆள் எடுப்பது குறித்தும், அங்கு அவ்வப்போது நேரும் விபத்துகள் குறித்தும் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்குச் சேர்ந்தவர் யாருக்குக் கட்டுப்பட்டவர், அவருக்காகப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வி மட்டும் ஏனோ எழுப்பப்படுவதே இல்லை. தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் நலப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

தொழிற்சாலை நிர்வாக அலுவலகங்களில் அமைப்பு வரைபடம் ஒன்றைச் சட்டமிட்டு மாட்டியிருப்பார்கள். உச்சியில் ஆலைத் தலைவர், அவருக்குக் கீழே உற்பத்தி, பராமரிப்பு, தரக்கட்டுப்பாடு, பாதுகாப்பு, மனிதவளம் எனத் துறைகள் கிளை பிரிந்து, கடைசிக் கட்டம் 'ஆபரேட்டர்' என்பதோடு முடிந்துவிடும். குடிகாட்டிலிருந்தோ பச்சையாங்குப்பத்திலிருந்தோ காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்து, ஒப்பந்ததாரர் கொடுத்த அட்டையைக் காவலாளியிடம் காட்டிவிட்டு உள்ளே செல்பவருக்கு அதில் கட்டமே கிடையாது. தங்கையின் வளைகாப்புக்காக அவர் ஒரு நாள் விடுப்புக் கேட்டால், ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசர், "இன்ஜினியர் சரி என்றால் போய்க்கொள்" என்பார். இன்ஜினியரோ, "நீ எங்கள் ஆள் இல்லையே, உன் கான்ட்ராக்டரைக் கேள்" என்பார். இருவரும் மறுக்கவில்லை, இருவரும் அனுமதிக்கவும் இல்லை. வளைகாப்புக்குப் போய்விட்டு மறுநாள் வருபவரைக் காவலாளி வாயிலிலேயே நிறுத்திவிடுவார்.

ஒரு பணியாளர் ஒரே ஒரு மேலதிகாரியிடமிருந்துதான் ஆணை பெற வேண்டும் என்ற 'கட்டளை ஒருமை'க் கோட்பாட்டை, பிரெஞ்சு சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோல் 1916ஆம் ஆண்டிலேயே தம் பதினான்கு நிர்வாகக் கோட்பாடுகளுள் ஒன்றாக வகுத்துவிட்டார். நிலக்கரிச் சுரங்கத்தில் உழன்ற அனுபவத்திலிருந்து எழுதியவர் என்பதால், நெய்வேலியை உடைய இம்மாவட்டத்துக்கு அவர் அந்நியரும் அல்லர். நம் கல்லூரிகளில் எம்.பி.ஏ. மாணவர்கள் இதை இரண்டு மதிப்பெண் வினாவாக எழுதித் தேர்ச்சி பெற்று, இதற்கு நேர்மாறாக நடக்கும் ஆலைகளில் மனிதவள அலுவலர்களாகச் சேர்கிறார்கள்.

விடுப்போடு இது நின்றிருந்தால் நான் இக்கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். ரசாயனத் தொட்டியை ஒட்டிய குழாயில் வெல்டிங் வைக்க வேண்டுமானால், எரிவாயு இருக்கிறதா எனச் சோதித்து, பணி அனுமதிச் சீட்டில் பொறுப்பு அலுவலர் கையெழுத்திட்ட பிறகே தீப்பொறி எழலாம். சோதனை முடியும் வரை நிற்கச் சொல்கிறார் ஷிப்டு இன்ஜினியர். இரண்டு மணிக்குள் முடித்தாக வேண்டும் என்று நெருக்குகிறார் சம்பளம் கொடுக்கும் ஒப்பந்ததாரரின் ஆள். ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்தச் சீட்டைப் படிக்க இயலாத தொழிலாளி யார் பேச்சைக் கேட்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

வரைபடத்தில் ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்க்காமல் விடுவது கவனக்குறைவு அன்று. பொதுத்துறை எஃகு நிறுவனமான ஸ்டீல் அத்தாரிட்டியின் வழக்கில் 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு, ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்றும், ஒப்பந்தம் வெறும் போர்வை எனத் தொழில் தீர்ப்பாயத்தில் மெய்ப்பிக்கப்பட்டால் அவர்களை முதன்மை நிறுவனத்தின், அதாவது ஒப்பந்ததாரரை அமர்த்திய ஆலையின், தொழிலாளராகவே கருத வேண்டும் என்றும் கூறியது. அதை மெய்ப்பிக்கும்போது, வேலையை நேரடியாக மேற்பார்வையிட்டவர் யார் என்பதும் பார்க்கப்படும். ஆகவே, நாளை வழக்கில் சான்றாகிவிடுமோ என்ற அச்சத்தில், ஆலைக்குள் நாள்தோறும் நடக்கும் மேற்பார்வையைத் தாளில் மட்டும் இல்லாததாக்கி விடுகிறார்கள். இதற்கு மனிதவள அலுவலர்களை மட்டும் குறை கூறுவதும் நியாயமாகாது. நிறுவன அமைப்பில் அவர்களுடையது ஆலோசனை கூறும் இடமே தவிர, உற்பத்தித் துறைக்கு ஆணையிடும் இடம் அன்று.

ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் இந்த அச்சத்துக்கு இடமே இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வந்தவரையும் 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள் அடக்கி, அவர்கள் அனைவரின் பாதுகாப்பையும் தொழிற்சாலையை நடத்துபவரின் கடமையாகவே வைத்திருந்தது. எனவே, பாதுகாப்புக்குரிய கட்டளைத் தொடரைத் தனி வரைபடமாக எழுதி வைப்பதால், ஒப்பந்தத் தொழிலாளரைத் தம் நிரந்தர ஊழியரென ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. எந்த வேலைக்கு எவருடைய சொல் இறுதியானது, வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எவருக்கு உண்டு, ஒப்பந்ததாரரின் ஆள் மறுத்தால் யாரிடம் முறையிடலாம் என்பதைத் தமிழில் எழுதி, அலுவலகச் சுவரில் அன்றி, உடை மாற்றும் அறையிலும் கேன்டீன் வாயிலிலும் ஒட்ட வேண்டும்.

இருபதும் அதற்கு மேற்பட்டும் தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். அக்குழுவின் கூட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் தரப்பிலிருந்தும் சிலரை அழைப்பதற்குச் சட்டம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. கடலூரில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலர்கள் ஆய்வுக்குச் செல்லும்போது, சுவரில் மாட்டிய வரைபடத்தோடு இந்த இரண்டாவது வரைபடத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற பணியாளர் நல அலுவலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.