ஆறரை கிராம் மீன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து அகற்றியது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் யூரோக், காருக் பழங்குடி மக்கள் பதாகை பிடித்து நிற்பவர்களாக மட்டுமே வருகிறார்கள். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விடுபட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2002 செப்டம்பரில் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் குறைந்தது 34,000 மீன்கள், பெரும்பாலும் சால்மன்கள், செத்து ஒதுங்கின. தண்ணீர் குறைந்து, சூடேறி, நெருக்கியடித்து நின்ற மீன்களின் செவுள்களில் நோய் பரவியது. அதன் பிறகு வந்த கோடைகளில் யூரோக், காருக் ஊழியர்கள் ஆற்றில் சாம்பிள் எடுத்து, அணைகளில் தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு எந்த இடத்தில் எவ்வளவு என்று வருடக்கணக்கில் பதிவு செய்தார்கள். அலுப்பூட்டும் வேலை அது, எனக்குத் தெரியும். அணைகளுக்கு எதிரான வாதத்துக்குப் பலம் கொடுத்தவை அந்தப் பதிவேடுகள். அணைகள் போன பிறகு, 2024 அக்டோபரில், நூறு வருடத்துக்கு மேல் வர முடியாமல் இருந்த சினூக் சால்மன், ஒரேகன் மாநிலம் வரை ஏறி வந்தது.

இன்னொன்றையும் சொல்கிறேன். ஆற்றில் நஞ்சு எவ்வளவு வரை இருக்கலாம் என்று அங்கே எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? ஒருவர் ஒரு நாளைக்கு எவ்வளவு மீன் சாப்பிடுகிறார் என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். தண்ணீரில் இருப்பது மீனின் உடம்பில் சேரும், மீனிலிருந்து தின்பவர் உடம்புக்கு வரும். அந்த எண் சின்னதாக இருந்தால் ஆறு கொஞ்சம் அழுக்காக இருக்கலாம் என்று அர்த்தம். வாஷிங்டன் மாநிலத்தில் வெகுகாலம் அந்த எண் 6.5 கிராம். எங்கள் வீட்டுக் குழம்பில் கிடக்கும் ஒரு துண்டு சீலாவே அதைப்போல் பத்து மடங்கு இருக்கும்! மூன்று வேளையும் மீனோடு வாழ்கிற ஒரு சமூகத்தை அந்தக் கணக்கு ஆளாகவே மதிக்கவில்லை.

ஒரேகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு இடையே ஓடும் கொலம்பியா ஆற்றின் பழங்குடிகளில் நான்கு சேர்ந்து நடத்தும் மீன்வள ஆணையம் 1990களின் தொடக்கத்தில் தங்கள் மக்களிடமே கேட்டுக் கணக்கெடுத்தது. பெரியவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 58.7 கிராம் என்று வந்தது. சராசரியை விட அதிகமாகச் சாப்பிடுகிறவர்களையும் காக்க வேண்டுமே. அதனால் 2011-இல் ஒரேகனும் 2016-இல் வாஷிங்டனும் 175 கிராமுக்கு மாறின. ஓர் எண் மாற இருபது வருடம் ஆனது. ஆனாலும் மாறியது. வீடுகளில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதியவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

வாஷிங்டனில் பழங்குடிகள் மீன்வள நிர்வாகத்துக்கு வந்ததும் எளிதாக நடந்ததில்லை. நிஸ்குவாலி இனத்தின் பில்லி ஃபிராங்க் ஜூனியர் 1945-இல், 14 வயதில், மீன் பிடித்ததற்காக முதல்முறை கைதானார். அப்புறம் ஐம்பது தடவைக்கு மேல். 1850களில் அமெரிக்க அரசு பழங்குடிகளோடு செய்த ஒப்பந்தங்கள் தந்த உரிமைப்படி, பிடிக்கத் தகுந்த மீனில் பாதி வரை அவர்களுக்கு உண்டு என்று 1974-இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். மாநில அரசோடு சேர்ந்து நிர்வகிக்கும் பொறுப்பும் அதன் வழியாக வந்தது. சிறைக்குப் போய் வந்த அதே மனிதர் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இருபது பழங்குடிகளின் மீன்வள ஆணையத்துக்குத் தலைவராக இருந்தார்.

சரி, இது முடிந்துபோன கதையும் இல்லை. டயரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருளிலிருந்து உண்டாகும் நஞ்சு, மழைநீரோடு ஓடையில் இறங்கி கோஹோ சால்மனைக் கொல்கிறது என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். டயரில் அந்தப் பொருளைத் தடுக்கச் சொல்லி 2023-இல் அமெரிக்க மத்திய சுற்றுச்சூழல் முகமைக்கு மனுப் போட்டவை மூன்று பழங்குடி அரசுகள். அதில் கிளாமத்தின் யூரோக்கும் ஒன்று.

இவர்களின் மீன்வளத் துறைகளைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படம் போடும்போது, இடுப்பளவு தண்ணீரில் பாட்டிலோடு நிற்கும் ஒருவரின் படத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி