கொலஸ்ட்ரோல் ஊசியும் ஒரு புழுவும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. மட்டக்களப்பு வெயிலில் வாடுகிறாய். இங்கே பருவப்பெயர்ச்சி மழையில் காலி வீதி ஆறாக ஓடுகிறது. மகள் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படிப்பதால் வீட்டில் எந்நேரமும் மரபணுப் பேச்சுத்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் கொலஸ்ட்ரோல் ஊசியை நம்பலாமா என்று அண்ணருக்காகக் கேட்டிருந்தாய். நம்பலாம். அதன் பெயர் இன்கிளிசிரான். அது ஒரு சிறு ஆர்.என்.ஏ. துணுக்கு. மரபணுவில் கை வைப்பதில்லை. மரபணுவின் கட்டளையைப் புரதம் கட்டும் இடத்துக்குச் சுமந்து செல்லும் நகலான தூது ஆர்.என்.ஏ.யை, புரதம் உருவாகுமுன்பே வெட்டிவிடுகிறது. அனுப்பிய கடிதத்தை வாசிக்குமுன் கிழிப்பதுபோல. இப்படித் தடுக்கப்படுவது பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம். அது குறைந்தால் ஈரல் கெட்ட கொலஸ்ட்ரோலை அதிகமாக இழுத்தெடுக்கும். இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறக்குறைய பாதியாகிறது. முதல் ஊசிக்கு மூன்று மாதம் கழித்து இரண்டாவது, பிறகுதான் ஆறு மாதக் கணக்கு.

இந்த வித்தை உடலுக்குப் புதிதல்ல. 1993இல் அமெரிக்க விஞ்ஞானி விக்டர் அம்புரோஸின் குழுவினர், ஒரு மில்லிமீற்றர் நீளப் புழுவொன்றில், சுமார் 22 எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ. துணுக்கைக் கண்டார்கள். அது எந்தப் புரதத்தையும் ஆக்காமல் இன்னொரு மரபணுவின் தூதை அடக்கியது. புழுவின் விசித்திரம் என்றே பலர் ஒதுக்கினார்கள். 2000இல் கேரி ருவ்குன் குழு கண்ட இன்னொரு துணுக்கு மனிதரிடமும் இருந்தது. இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு. முப்பது வருடம் பொறுத்திருக்க வேண்டியிருந்தது, பாவம்!

இத்துணுக்குகளை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிறார்கள். ஒவ்வொரு உறுப்புக்கும் இவற்றில் தனக்கென்று சில உண்டு. ஈரலில் மிகுந்திருப்பது மிர்-122. ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் அதையே தன் ஆர்.என்.ஏ.யின் முனையில் கட்டிக்கொண்டு சிதையாமல் தப்புகிறது. இந்தத் திருட்டுப் புத்தியை வாசித்தபோது எனக்குக் கோபத்தைவிட வியப்பே வந்தது. எலிகளின் சிறுநீரக வடிகட்டிக் கலங்களில், இத்துணுக்குகளை நறுக்கித் தரும் டைசர் நொதியை அகற்றினால், சிறுநீரில் புரதம் ஒழுகி, சில வாரங்களில் சிறுநீரகமே செயலிழக்கிறது.

ஆனால் மருந்தென்று வரும்போது ஈரல்தான் செல்லப்பிள்ளை. ஊசியின் துணுக்கில் ஒட்டிய சர்க்கரையை ஈரல் கலங்கள் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ அவ்வளவு எளிய வாசல் இல்லை. ஆகவே எல்லா நோய்க்கும் ஆர்.என்.ஏ. மருந்து வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை மட்டும் நம்பாதே.

அண்ணர் ஊசியைக் கேள்விப்பட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவார். அவர் சுபாவம் தெரிந்ததுதானே. வைத்தியரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது என்று சொல். ஆடிவேலுக்குக் கொழும்பு வருவதானால் முன்கூட்டியே எழுது, மாடி அறையை ஒழுங்குசெய்து வைக்கிறேன்.

அன்புடன்,
மாலதி