ஊர் வளவு விஷயமாக

அன்பு மகள்,

போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை. எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்லலாம்.

ஊரில் சும்மா கிடக்கும் வளவைச் சனசமூக நிலையத்துக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பிள்ளைகள் விளையாட ஓர் இடம், நிழலுக்கு நாலு மரம், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. "கொடுத்த பிறகு யார் பார்ப்பார்கள்?" என்றாய். நியாயமான கேள்வி.

சின்னதில் நீ ஓடித் திரிந்த கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவை நினைத்துப் பார். கறுவாத்தோட்டத்தில் காணி என்ன விலை என்று உனக்குத் தெரியும். அதன் நடுவில் அவ்வளவு நிலத்தையும் நகரத்துக்குக் கொடுத்தவர் மொறட்டுவை சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா. 1890இல் காலமானவர். நீ பிறந்த சொய்சா மகப்பேற்று ஆஸ்பத்திரியும் அவர் தந்ததுதான். பிறந்த இடமும் விளையாடிய இடமும் ஒரே மனிதரின் கொடை என்பதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளைக்காரர் காலத்தில் அது விக்டோரியா பார்க். துட்டகைமுனு மன்னனின் தாய் பெயர் பிறகு வந்தது. உன் அப்பப்பா கடைசிவரை பழைய பெயரைத்தான் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் இராணுவம் அதை எடுத்துக்கொண்டது; ஆஸ்திரேலியப் படையணி ஒன்று அங்கே இருந்தது. காலிமுகத்திடலில் நின்ற போர் நினைவுத்தூண் கடலிலிருந்து எதிரி குறிபார்க்க உதவிவிடும் என்று பயந்து, அதையும் கழற்றி இங்கே கொண்டுவந்து நட்டார்கள். சண்டை முடிந்து, எல்லாம் திருத்தி, 1951இல் திரும்பவும் சனங்களுக்குத் திறந்தார்கள். இராணுவம் இருந்த நிலம் மீண்டும் பூங்காவாகியது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஊர்க் காணிகளின் கதை தெரிந்த உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

போன ஞாயிறு நானும் அம்மாவும் போனோம். டவுன் ஹோலைப் பார்த்தபடி அதே பொன்னிறப் புத்தர். பெரிய மரங்களில் வௌவால்கள் பட்டப்பகலிலும் கீச்சிட்டுக்கொண்டு தொங்கின. ஒரு மரத்தடியில் ஒரு குடும்பம் சோற்றுப் பார்சலைப் பிரித்தது. தகப்பன் லஞ்ச் சீட்டை விரித்து, ஒரு முட்டையை மூன்றாகப் பிய்த்துப் பிள்ளைகளுக்கு வைத்தார். மலைநாட்டிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர்களாம். கிளினிக் முடிந்து பஸ் எடுக்கும்வரை இருக்க இடம் தேடி வந்திருக்கிறார்கள். யாரும் அவர்களை எழும்பச் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் முடிவு உறுதியானது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கொழும்பில் மாநகரசபை இருக்கிறது. எங்கள் வளவுக்கு அப்படி ஒரு கை வேண்டும் என்பது உண்மைதான். அதனால் நன்கொடை உறுதியிலேயே, விற்கவோ கடை கட்டவோ கூடாது என்று எழுதும்படி நொத்தாரிசிடம் சொல்லியிருக்கிறேன். கிணற்றுக்குக் கட்டுக் கட்டி மூடி போடும் செலவு என்னுடையது. கறுத்தக்கொழும்பான் மாமரத்தை வெட்டக் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை.

அது உனக்கென்று வைத்திருந்த வளவு. உன் சம்மதமில்லாமல் கையெழுத்து வைக்க மாட்டேன். நீயும் ஏதாவது சேர்க்க விரும்பினால் இந்த மாதத்துக்குள் எழுது.

அன்புடன்,
அப்பா