காந்தி இறங்கிய ஸ்டேஷன்

ஆசிரியருக்கு வணக்கம்.

காந்தி ஜெயந்தி இதழில், மில் தொழிலாளப் பெண்கள் கையை உயர்த்தி ஆரவாரம் செய்ய, நடுவே காந்தி போர்வையோடு நிற்கும் படம் பார்த்தேன். கீழே 'மான்செஸ்டர், 1931' என்று போட்டிருக்கிறது. அது மான்செஸ்டர் இல்லை. லங்காஷயரில் டார்வென் என்ற சின்ன ஊர். அங்கே கிரீன்ஃபீல்டு மில்லில் செப்டம்பர் 26ஆம் தேதி எடுத்த படம் அது.

அதற்கு முந்தின இரவு அவர் ரயிலில் வந்து இறங்கிய ஸ்பிரிங் வேல் ஸ்டேஷன் இன்றைக்கு இல்லை. மகள் போல்டனில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது, இந்த இடத்தைப் பார்க்கவென்றே பிளாக்பர்ன் ரயிலில் ஏறினேன். வழியில் சஃப் சுரங்கப்பாதை. கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் இருட்டு, ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் மட்டும்தான் தெரிகிறது. வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் அந்த இடமும் வந்துவிடுகிறது. ரயில் நிற்பதில்லை. நான் எட்டிப் பார்ப்பதற்குள் கடந்துவிட்டது.

1847இல் பிளாக்பர்னிலிருந்து ரயில் இதுவரைக்கும்தான் வந்தது, சுரங்க வேலை முடியாததால். அப்போது ஸ்டேஷனின் பெயரும் சஃப்தான். அடுத்த வருஷம் பாதை போல்டன் வரை போனது. ஸ்பிரிங் வேல் என்ற பெயர் அப்புறம் வந்தது. 1958 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஸ்டேஷன்களை மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கைக்கு 5 வருஷம் முன்பே.

வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்தவர், அன்னியத் துணி பகிஷ்காரத்தால் அடிபட்ட மில் ஊருக்கே போனார். உங்கள் நாட்டில் 30 லட்சம் பேருக்கு வேலையில்லை, எங்கள் நாட்டில் 30 கோடிப் பேருக்கு வருஷத்தில் பாதி நாள் வேலையில்லை என்று அந்தத் தொழிலாளர்களிடம் நேராகவே சொன்னார். எங்களுடையது மூன்று தலைமுறையாகத் தறிக் குடும்பம். தறி நின்றால் அடுப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பெண்களின் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

அடுத்த இதழில் ஊர்ப் பெயரைத் திருத்திப் போடுங்கள். ஸ்பிரிங் வேல் ஸ்டேஷனையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

— வாசகர், சென்னிமலை