நெடுந்தீவின் இருட்டையும் கொஞ்சம் விட்டுவையுங்கள்

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்தின் தீவுப்பகுதி வீதிகளுக்கு எல்இடி விளக்குகள் போடுவது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, பாம்புக்குப் பயந்து இரவில் நடப்பவர்களுக்குத்தான் வெளிச்சத்தின் அருமை தெரியும். ஆனால் மேல்மூடி இல்லாத வெள்ளை விளக்கு வீதியோடு வானத்தையும் வெளுக்க வைத்துவிடும். ஒரு சித்திரையில் நெடுந்தீவில் மாமி வீட்டில் தங்கியிருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் தெற்கே தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம் முழுதாக நின்றது, வடக்கே துருவ நட்சத்திரம் கடலுக்கு மேல், நீட்டிய கையின் மூடிய முட்டி ஒன்றின் உயரத்தில். மினுங்காமல் நிலையாக எரிந்த ஒன்றைக் காட்டி அது வியாழன் என்றேன், மாமி நம்பவேயில்லை! சரி, வியாழன் யாழ்ப்பாண நகரத்திலும் தெரியும், பால்வீதி தெரியாதே.

ஆங்கிலக் கால்வாயில் உள்ள சார்க் என்ற சின்னத் தீவில் தெருவிளக்கே கிடையாது. 2011இல் அது உலகின் முதல் இருள்வான் தீவாக, அதாவது இரவு வானத்தை வெளிச்சம் கெடுக்காமல் காக்கும் தீவாக, அறிவிக்கப்பட்டது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் நிறக் குமிழ்களைப் பொருத்தி, இறங்குதுறையும் வைத்தியசாலையும் தவிர்ந்த இடங்களில் நள்ளிரவுக்குப் பிறகு அணைத்துவைக்கலாம்.