சாவி வந்தது, பத்திரம் வராது

ரெடிங், இங்கிலாந்து,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள சுந்தரம்,

ஏழு மாதமாகப் பதில் போடவில்லை. நீ திட்டியிருப்பாய், கோமதி அக்காவையும் சேர்த்துக்கொண்டு திட்டியிருப்பாய். அதையெல்லாம் வரவு வைத்துக்கொண்டேன். செய்தியைக் கேள்: போன வெள்ளிக்கிழமை வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது. இரண்டு படுக்கையறை, பின்னால் பாய் விரிக்கிற அளவுக்குத் தோட்டம், விலை 3,65,000 பவுண்டு. மீனா நலம், பையன் என்னைவிட உயரமாகிவிட்டான், என் முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது.

பிப்ரவரியில் நீ தொலைபேசியில் மூச்சுவிடாமல் கேட்டாயே: பத்திரம் எழுதுவது யார், தாய்ப்பத்திரம் பார்த்தாயா, எத்தனை வருடத்துக்கு வில்லங்கம் போட்டாய், எந்த ஆபீசில் கையெழுத்து? சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருபத்திரண்டு வருடமாக மேசை போட்டு உட்கார்ந்திருப்பவனிடம் உளற வேண்டாமென்றுதான் அன்றைக்கு இணைப்பு சரியில்லை என்று வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

இங்கே உன் தொழிலுக்கு வேலையே இல்லை. தாய்ப்பத்திரம் கிடையாது. நம் ஊரில் பதிவாவது பத்திரம். இங்கே பதிவாவது உரிமை. நிலப் பதிவகத்தின் ஏட்டில் உன் பெயர் இருந்தால் நீதான் உடைமையாளர், அதற்கு அரசே பொறுப்பு. ஏட்டில் தவறு நேர்ந்து நஷ்டப்பட்டால் ஈடும் கொடுப்பார்கள். ஏட்டுக்கு மூன்று பகுதி: சொத்து எது, உடைமையாளர் யார், அதன் மேல் என்ன கடன், என்ன கட்டுப்பாடு. 7 பவுண்டு கட்டினால் யார் வீட்டு நகலையும் யாரும் எடுக்கலாம். உன் பக்கத்து வீட்டுக்காரர் இங்கே இருந்திருந்தால் சோறு தண்ணீர் இல்லாமல் அதிலேயே உட்கார்ந்திருப்பார். பழைய காகிதங்கள் நம் வீட்டில் கிடந்தால் ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எங்கள் வீட்டு ஏட்டில் பன்றியும் கோழியும் வளர்க்கக்கூடாது என்று பழைய கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது. மீனாவுக்கு நிம்மதி, கோழி வளர்க்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வில்லங்கத்துக்குப் பதில் தேடல்கள். நகராட்சியில் ஒன்று, தண்ணீர்க் கழிவுநீர் நிறுவனத்தில் ஒன்று, வெள்ளமும் மண் நஞ்சும் பற்றி ஒன்று. இன்னொன்றைக் கேட்டால் நீ சிரிப்பாய்: பழைய தேவாலயத்தின் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும் செலவு இந்த மனையின் தலையில் விழுமா என்று பார்ப்பது. சிரிக்காதே. வாரிக்‌ஷையரில் ஒரு தம்பதி அப்படித்தான் மாட்டிக்கொண்டு வழக்காடினார்கள். அவர்கள் கட்டத்தான் வேண்டும் என்று அப்போது இங்கே கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையே 2003ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் ஊரில் திருப்பணிக்கு ரசீதுப் புத்தகத்தோடு வருபவர்களைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்ளவாவது முடியும்.

ஆனால் இந்த ஊரில் வாய்ச்சொல்லுக்குக் காலணா மதிப்பில்லை. முதலில் வேறொரு வீடு பார்த்தோம். விலை பேசி, சரி என்று தரகர் கடிதமும் அனுப்பிவிட்டார். நாங்கள் கட்டட ஆய்வுக்கு, தேடலுக்கு, சொலிசிட்டருக்கு (வீட்டுக் கிரயத்தைப் பார்த்துக்கொள்ளும் வக்கீல்) என்று ஆயிரத்து நானூறு பவுண்டு வரை செலவழித்தோம். பத்தாவது வாரம், வேறொருவர் எட்டாயிரம் கூடத் தருகிறார் என்று விற்பவர் கைகழுவிவிட்டார். கேட்க நாதியில்லை. அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டாயா என்று நீ கேட்பாய். அதுதான் இங்கே கடைசியில் வருகிறது! ஒப்பந்தங்கள் கைமாறும் நாள்வரை இரண்டு தரப்பும் எந்த நேரமும் விலகலாம். அந்த நாளும் எப்படி? இரண்டு சொலிசிட்டர்கள் தொலைபேசியில் பேசி, அவரவர் கையிலுள்ள கையெழுத்திட்ட தாளில் தேதியைக் குறித்துக்கொள்கிறார்கள். முடிந்தது. அப்போது நான் அலுவலகக் கேன்டீனில் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நிமிடத்திலிருந்து பின்வாங்கினால் பத்து சதவீதம், 36,500 பவுண்டு, போனது போனதுதான். தாம்பாளம் இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை. "வாழ்த்துகள்" என்று ஒரு வரி குறுஞ்செய்தி.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் குடைந்துவிட்டார்கள். மாமியார் மனை விற்றுக் கொடுத்த பணத்துக்கு, அவருக்கு இந்த வீட்டில் எந்தப் பாத்தியமும் இல்லை என்று கடிதம், வங்கிக் கணக்கு, அந்த மனையின் கிரயப் பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு. அந்தப் பத்திரத்தை எழுதிய மகானுபாவர் யார்? நீ. "சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள" என்பது வரை ஒருவழியாக நகர்த்திய மொழிபெயர்ப்பாளர் "மாமூல் வழிநடைப் பாத்தியம்" வந்ததும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். எனக்கு மட்டும் தெரியுமா? வழக்கமாக நடந்து போய்வரும் உரிமை என்று மீனாதான் விளக்கினாள்.

சரி. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

முதல் வீடு வாங்குபவர்களுக்கு இங்கே முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு. மூன்று லட்சம் வரை ஒன்றுமில்லை, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை ஐந்து சதவீதம். எங்களுக்கு 3,250 பவுண்டு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சொலிசிட்டர் ஒரு படிவம் அனுப்பினார். உலகத்தில் எங்காவது, எப்போதாவது, ஒரு வீட்டிலோ வீட்டின் பங்கிலோ உங்களுக்கு உரிமை இருந்ததுண்டா? உண்டு என்றால் சலுகை இல்லை. வாங்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, தானமாக வந்ததும் கணக்குதான். இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும்.

அப்பாவின் தான செட்டில்மெண்ட். ஊர் வீட்டில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு. ஞாபகம் இருக்கிறதா, நான் வேண்டாம் என்று உன் மேசை முன்னால் நின்று கத்தியது? அக்காக்கள் பெயரிலேயே இருக்கட்டும், நான் திரும்பி வரப்போவதில்லை என்றேன். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பேர்தானேடா, இருந்துவிட்டுப் போகட்டும்" என்றாய். அந்தப் பேருக்கு விலை 5,000 பவுண்டு, சுந்தரம். கட்டியது 8,250. நல்ல வேளை, என் பங்கு நாற்பதாயிரம் பவுண்டைத் தொடாது. தொட்டிருந்தால் இது இரண்டாவது வீடு என்று மொத்த விலைக்கும் இன்னொரு ஐந்து சதவீதம், 18,250, சேர்த்துப் போட்டிருப்பார்கள். இனிமேல் என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் சலுகை திரும்ப வராது. "எப்போதாவது" என்றால் எப்போதாவதுதான்.

இல்லை என்று டிக் அடித்தால் கிராமத்து ஓட்டு வீட்டை யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு ராத்திரி தோன்றியது உண்மை. மீனா எதுவும் சொல்லவில்லை. படிவம் இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அப்பா அன்றைக்கு உன் மை பெட்டியில் கட்டைவிரலை வைத்துவிட்டு, மை போகவில்லை என்று வேட்டி நுனியில் தேய்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாரே, அது வந்து நின்றது. அவர் கொடுத்ததைக் கொடுக்கவில்லை என்று எழுத வரவில்லை. உண்டு என்று எழுதிவிட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, மே மாதம் வரை. அதுதான் இந்த ஏழு மாதத்தில் பாதிக்குக் காரணம்.

சாவி வாங்கிய கதையைக் கேள். எந்தெந்தப் பொருளை விட்டுச்செல்வோம் என்று விற்பவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். திரைச்சீலைக் கம்பி முதல் மின்விளக்கு வரை அதில் உண்டு. எங்கள் விற்பனையாளர் எல்லாம் இருக்கும் என்று எழுதியிருந்தார். பணம் வந்து சேரும் வரை, மூட்டை முடிச்சோடு தரகர் அலுவலக வாசலில் வேனில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றரை மணிக்கு ஒரு பெண் சாவிக் கொத்தைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தாள். உள்ளே போனால் ஒரு பல்பு இல்லை. முதல் ராத்திரி பால் காய்ச்சியது பையனின் கைப்பேசி வெளிச்சத்தில்.

பத்திரம் எப்போது வரும் என்று கேட்காதே, வராது. பதிவேட்டில் எங்கள் பெயர் ஏறியதும் சொலிசிட்டர் நகலை மின்னஞ்சலில் அனுப்புவார். பூஜை அலமாரியில் வைக்க எதையாவது அச்செடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறாள் மீனா.

ஒரு வேலை இருக்கிறது. ஊர் வீட்டில் மேற்கு ஓரத்து ஓடு நாலைந்து சரிந்திருக்கிறது என்று பெரியக்கா சொன்னாள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் அனுப்பி மாற்றிவிடு. செலவில் மூன்றில் ஒரு பங்கை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராகவன்