கரட்டுல இருக்கற பறவைங்களையும் பேப்பர்ல போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருஷா வருஷம் வனத்துறை பறவை கணக்கெடுப்பு நடத்தறப்ப நம்ம பேப்பர்ல மாவட்டப் பக்கத்துல போட்டோவோட நியூஸ் போடறீங்க. ஓசூர் ராமநாயக்கன் ஏரி, கெலவரப்பள்ளி அணை, கே.ஆர்.பி. அணை, அங்க வந்த கூழைக்கடா, நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து எல்லாம் அதுல வருது. அதைப் படிச்சிட்டு எங்க தெரு பசங்க ஏரிக்கரைக்கு கிளம்பறாங்க, பார்க்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா கிருஷ்ணகிரி, தர்மபுரின்னா ஏரியும் அணையும் மட்டும் கிடையாதே. எந்தப் பக்கம் திரும்பினாலும் கரடு (சின்னப் பாறைக்குன்று), பாறை, முள்ளுக்காடு, அதுக்கு நடுவுல பள்ளம். அங்க இருக்கற பறவைங்களைப் பத்தி ஒரு வரி கூட எந்தப் பேப்பர்லயும் வர்றதில்லை. அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

நான் ஓசூர்ல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை பார்க்கறேன், சொந்த ஊரு தேன்கனிக்கோட்டை பக்கம். வீக்லி ஆஃப் கெடச்சா பைனாகுலரை எடுத்துக்கிட்டு நடக்கக் கிளம்பிடுவேன். அய்யூர், பெட்டமுகிலாளம் ரோடு, அஞ்செட்டி பக்கம் மேடு, இந்தப் பக்கம் ராயக்கோட்டை, பாலக்கோடு வரைக்கும் உள்ள கரடுங்க, இல்லன்னா பென்னாகரத்துலருந்து ஒகேனக்கல் எறங்கற பள்ளம், இதுதான் என்னோட ஏரியா. காட்டுக்குள்ள பர்மிஷன் இல்லாம போக மாட்டேன், ரோட்டோரம், ஊரு ஓரம், கொல்லை மேடு இதுவே எனக்குப் போதும், அதுலயே அவ்வளவு பறவை இருக்கு.

போன டிசம்பர்ல பார்த்த ஒண்ணை மட்டும் கொஞ்சம் விவரமா சொல்றேன். பெட்டமுகிலாளம் போற வழியில பெரிய பெரிய உருண்டைப் பாறைங்க ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி நிக்கும், பார்த்தவங்களுக்குத் தெரியும். பாறை வெடிப்புல வேர் விட்டு ஒரு இச்சி மரம், மரம் பூரா பழம். சின்னான் (கொண்டைக்குருவி இனம்) சத்தம் மாதிரி ஒண்ணு கேட்டுச்சி, ஆனா நம்ம வீட்டு வேலியில கத்தற கொண்டைக்குருவி சத்தம் இல்லை. அசையாம உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் தெரியலை, எலை மட்டும் ஆடுது. அப்பறம் ஒரு கிளை நுனிக்கு வந்து பழத்தைக் கொத்திச்சி. தலையும் தொண்டையும் நல்ல மஞ்சள், முதுகும் நெஞ்சும் சாம்பல், வாலுக்கு அடியில திரும்பவும் மஞ்சள், கொண்டையே கிடையாது. பழத்தை முழுசா முழுங்கிட்டு அலகை கிளையில ரெண்டு பக்கமும் தேய்ச்சிச்சி, அந்தப் பக்கம் ஒரு மாடு மேய்க்கற அண்ணன் வந்த காலடி சத்தத்துக்கு சட்டுனு பாறைக்குப் பின்னால இருந்த புதர்ல விழுந்து மறைஞ்சிடுச்சி. மஞ்சள்தொண்டைச் சின்னான். ஜெர்டன்ங்கற வெள்ளைக்கார டாக்டர் 1845-லயே இதை உலகத்துக்கு எழுதி வச்சிட்டாரு. தென்னிந்தியாவுல இந்த மாதிரி பாறை மலைங்கள்ல மட்டும்தான் இருக்கு, உலகத்துல வேற எங்கயும் கெடையாது. உலக அளவுல அழியற ஆபத்துல இருக்கற பறவைங்க பட்டியல்லயும் இது இருக்கு.

இப்ப யோசிச்சுப் பாருங்க சார். இந்தக் குருவிக்கு வேண்டியது என்ன? பெரிய பாறை, பாறை இடுக்குல இச்சி மரம், சூரை முள்ளு, காரைப் புதர், அவ்வளவுதான். அந்தப் பாறைதான் நம்ம மாவட்டத்துல கிரானைட். கிருஷ்ணகிரி கிரானைட்னா வெளிநாட்டுல கூட பேர் இருக்கு, அதுல பல குடும்பம் சோறு சாப்பிடுது, நான் அதை இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரு கரட்டை வெட்டறதுக்கு முன்னாடி அங்க என்ன இருக்குன்னு யாருகிட்டயாவது கேட்டா, "ஒண்ணும் இல்ல, வெறும் முள்ளும் கல்லும்தான்"னு சொல்லிடறாங்க. ஏன்னா அங்க என்ன இருக்குன்னு எங்கயும் எழுதி வைக்கலை. ஏரியில ஆக்கிரமிப்பு வந்தா "இங்க இத்தனை பறவை வருது"ன்னு காட்ட பழைய பேப்பர் கட்டிங் இருக்கு, கணக்கு இருக்கு. கரட்டுக்கு ஒரு கட்டிங் கூட கெடையாது. மூடின ஏரியை கூட திரும்ப தூர் வாரி ஏரி ஆக்கிடலாம், வெட்டின பாறையை யாராலயும் திரும்ப கொண்டு வந்து வைக்க முடியாது.

கல்லு வெட்டறது மட்டும் இல்லை. நல்ல எண்ணத்துல மரம் நடறவங்களும் காலி கரடுன்னு நெனச்சி அங்கதான் குழி தோண்டறாங்க. முள்ளுக்காட்டை ஜேசிபி வச்சி சுத்தம் பண்ணிட்டு தைலமரமோ வேற கன்னோ நட்டு, ஒரு மாசம் தண்ணி ஊத்தி, கோடையில எல்லாம் காஞ்சி போயி, கடைசில முள்ளும் இல்லை மரமும் இல்லை. மரம் நடணும்னா ஏரிக்கரை இருக்கு, ரோட்டோரம் இருக்கு, ஸ்கூல் கிரவுண்டு இருக்கு. கரட்டை அப்படியே விடுங்கன்னு அவங்களை கையெடுத்துக் கும்பிட்டு கேட்டுக்கறேன். கௌதாரி, காடை, செம்போத்து, பஞ்சுருட்டான், ஆள்காட்டி எல்லாத்துக்கும் அந்த முள்ளுக்காடும் அதுக்கு நடுவுல இருக்கற வெட்டவெளியும்தான் வீடு.

2023-ல இந்தியப் பறவைங்க நிலைமைன்னு ஒரு பெரிய அறிக்கை வந்துச்சி. நம்மளை மாதிரி சாதாரண ஜனங்க இ-பேர்டுல (பார்த்த பறவையைப் பதிவு பண்ற வெப்சைட்) போட்ட பதிவுங்களை வச்சித்தான் 942 வகையை ஆராய்ச்சி பண்ணாங்க, அதுல 178 வகைக்கு உடனே கவனம் வேணும்னு சொன்னாங்க. வெட்டவெளியில வாழற பறவைங்க நெறைய குறையுதுன்னு அதுல இருக்கு. பனங்காடை கூட வேகமா குறையறதால அதோட நிலைமையை உலகப் பட்டியல்ல மறுபடி பரிசீலிக்கணும்னு எழுதியிருக்காங்க. எனக்கு அது ஆச்சரியமா இல்லை. நான் சின்னப் பையனா இருந்தப்ப ராயக்கோட்டை ரோட்டுல பஸ்ல போனா கரண்டு கம்பியில பனங்காடை உக்காந்திருக்கும், பறந்தா ரெக்கை நீலமா விரியும், பார்த்துக்கிட்டே போவேன். இப்ப அதே ரோட்டுல தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கு. பனை போச்சி, கொள்ளும் எள்ளும் போட்ட மானாவாரி நிலம் போச்சி, ஓசூர் பக்கம் மேட்டு நிலமெல்லாம் ரோஜாவுக்கு பாலிஹவுஸ் போட்டு மூடியாச்சி. மயில் மட்டும் எங்க பார்த்தாலும் கூடியிருக்கு, அந்த அறிக்கையும் அதைத்தான் சொல்லுது, கேவுரும் (ராகி) கடலையும் போட்டவங்க படற பாடு தனிக்கதை.

கரட்டுல இன்னொரு ஆள் இருக்காரு, அவரைப் பத்தி கட்டாயம் எழுதணும். கொம்பன் ஆந்தை. பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்துக்குப் பின்னாடி இருக்கற ஒரு பாறைச் சரிவுல ஜோடியா இருக்கு, எந்த கரடுன்னு சொல்ல மாட்டேன். பாறைக்கு அடியில சாம்பல் கலர்ல கட்டை விரல் சைஸுக்கு உருண்டை உருண்டையா கெடக்கும், எச்சம்னு நெனச்சி மிதிச்சிட்டுப் போயிடுவாங்க. அது ஆந்தை செரிக்காததை வாய் வழியா கக்கினது. தண்ணியில ஊற வச்சி ஒரு குச்சியால பிரிச்சா உள்ள பூரா எலி மயிர், நடுவுல சின்னச் சின்ன எலும்பு, தாடை எலும்பு, அதுல ஆரஞ்சு கலர்ல நீளமான முன்பல்லு. தோட்டக்கார மாமாகிட்ட அதைக் காட்டினேன். "ராத்திரில இது கத்தினா ஊருக்கு ஆகாதுன்னுதான கல்லெறிஞ்சி விரட்டுவோம், எலிய இதுவா புடிக்குது"ன்னு அந்தப் பல்லை கையில வச்சி ரொம்ப நேரம் பார்த்தாரு. எலி மருந்துக்கு காசு செலவு பண்றவங்களுக்கு இது தெரியணும். அந்த எலி மருந்து தின்ன எலியைத் தின்னா ஆந்தையும் சாகும், அதுவும் தெரியணும்.

பள்ளத்துப் பக்கம் வந்தா வேற உலகம். ஒகேனக்கல் போறவங்க பரிசல், மீன் வறுவல், எண்ணெய் மசாஜ்னு முடிச்சிட்டு திரும்பிடறாங்க. காலைல சீக்கிரம் வந்து கரையோரம் நீர்மருது மரத்து மேல அண்ணாந்து பார்த்தா மீன் கழுகு உக்காந்திருக்கும், பனிக்காலத்துல விரால் அடிப்பான் தண்ணிக்கு மேல நின்னு பறந்து பொதக்குனு குதிச்சி மீனோட எழும்பும். அதே மருது மரத்துலதான் சாம்பல் நிற மலை அணிலும் இருக்கு. சின்னாறு ஓடற கல்லுங்க மேல செப்டம்பர் கடைசிலயே சாம்பல் வாலாட்டி வந்துடும், இமயமலைப் பக்கத்துலருந்து வர்ற உள்ளங்கையளவு குருவி, கல்லுக்கு கல்லு தாவிக்கிட்டு வாலை ஆட்டிக்கிட்டே இருக்கும். 2014-ல காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் 504 சதுர கிலோமீட்டர், 2022-ல காவிரி தெற்கு சரணாலயம் 686 சதுர கிலோமீட்டர்னு அறிவிச்சாங்க. ரெண்டும் நம்ம ரெண்டு மாவட்டத்துக்குள்ளதான். இவ்வளவு பெரிய சரணாலயம் பக்கத்துல இருந்தும் யானை ஊருக்குள்ள வந்தாத்தான் அது நியூஸ் ஆகுது.

மாந்தோப்பு வச்சிருக்கவங்களுக்கும் ஒரு விஷயம். அக்டோபர், நவம்பர்ல ஆறுமணிக்குருவி வடக்கருந்து ராத்திரில பறந்து வரும், களைச்சிப் போயி தோப்புலயோ வீட்டுக்குள்ளயோ விழுந்து கெடக்கும். பச்சை, நீலம், அடிவயிறு சிவப்புன்னு கலர் கலரா இருக்கறதால பசங்க புடிச்சி கூண்டுல போட்டுடறாங்க. தயவு செஞ்சி வேணாம், அது சட்டப்படியும் குத்தம். காத்து போற மாதிரி ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில வச்சி, மூடி, சத்தம் இல்லாத இருட்டு எடத்துல கொஞ்ச நேரம் விடுங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க, சோறு ஊட்டாதீங்க. தெம்பு வந்ததும் மரம் இருக்கற எடத்துல தெறந்து விட்டா தானா போயிடும். அடி பட்டிருந்தா மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்க. மாங்குயிலும் அதே சீசன்தான், அதை தேடவே வேணாம், குரலே காட்டிக் குடுத்துடும்.

ஆசிரியர் சார், நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லை. வாரம் ஒரு நாள் மாவட்டப் பக்கத்துல ஒரு மூலையில பத்து வரி. எந்தப் பக்கம் நடந்தோம், என்ன மாசம், எத்தனை மணிக்கு, என்ன பறவை, எத்தனை, என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சி. வாசகருங்க அனுப்புவாங்க, ஸ்கூல் பசங்க அனுப்புவாங்க, மாடு மேய்க்கறவங்களுக்கு நம்மளை விட நல்லா தெரியும், அவங்ககிட்ட கேட்டு யாராவது எழுதி அனுப்புவாங்க. பொங்கல் சமயத்துல 2015-லருந்து தமிழ்நாடு பூரா பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, ஒரு எடத்துல கால் மணி நேரம் நின்னு பார்த்து இ-பேர்டுல போட்டா போதும். வர்ற பொங்கலுக்கு நம்ம ஆளுங்க ஏரிக்கு போறதோட அவங்கவங்க ஊரு கரட்டுக்கும் ஒரு நடை போயிட்டு வந்து பதிவு போடுங்கன்னு நீங்க முன்னாடி நாளே ஒரு சின்ன நியூஸ் போட்டா நல்லா இருக்கும்.

ரெண்டு மூணு கண்டிஷன் மட்டும் வச்சிக்கணும். கூடு இருக்கற எடம், ஆந்தை இருக்கற எடம், மஞ்சள்தொண்டைச் சின்னான் மாதிரி அபூர்வமானது இருக்கற எடம், இதையெல்லாம் சரியான எடம் சொல்லி பேப்பர்ல போட வேணாம், "தேன்கனிக்கோட்டை தாலுகா"ன்னு போட்டா போதும். செல்போன்ல பறவை சத்தத்தை போட்டு கூப்பிட்டு எடுத்த போட்டோ வந்தா வாங்காதீங்க, குஞ்சு இருக்கற நேரத்துல அது அந்தப் பறவையை ரொம்ப அலைக்கழிக்கும். நவம்பர்லருந்து கேவுரு அறுக்கற வரைக்கும் பன்னேர்கட்டா பக்கத்துலருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, நொகனூர், தேன்கனிக்கோட்டைன்னு வரும், அந்த சமயம் விடியறதுக்கு முன்னாடி யாரும் காட்டு ஓரம் நடக்க வேணாம்னு ஒவ்வொரு வாரமும் கீழ ஒரு வரி சேர்த்துடுங்க. கண்ணியும் உண்டிவில்லும் வச்சி கௌதாரி, காடை அடிக்கறதைப் பார்த்தா வனத்துறைக்கு போன் பண்ணச் சொல்லியும் போடலாம்.

முதல் வாரத்துக்கு நானே அனுப்பறேன், இப்படி இருந்தா போதும்: தேன்கனிக்கோட்டை தாலுகா, மேட்டுக் கொல்லை ஓரம், டிசம்பர் மாசம், காலை ஏழுலருந்து எட்டரை. பூனைப்பருந்து ஒண்ணு, அறுத்த கேவுரு தாளு மேல தாழப் பறந்துக்கிட்டு இருந்துச்சி. கௌதாரி நாலு. ஆள்காட்டி ஜோடி. பனங்காடை ஒண்ணு, கரண்டு கம்பியில.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.